துரை காட்டேஜுக்குக் கிடைத்த அனுமதி

கடற்கரைக்குப் பக்கத்தில் வெல்ல மண்டி வைத்தவன் கார்த்திகை மாதத்தில் நிம்மதியாகத் தூங்க மாட்டான், ஐயா. காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு வெல்லம் கசிய ஆரம்பிக்கும். ராயபுரத்தில் எங்கள் மண்டிக்கு மேலேதான் நாங்கள் குடியிருந்தோம். அண்ணன் தம்பிகள் நாலு பேர், நாலு குடும்பம், ஒரே மாடி. வட சென்னை ஈக்களுக்கெல்லாம் எங்கள் விலாசம் தெரியும். கல்யாணமான புதிதில் என் மனைவி இசக்கியம்மாள் என் முதுகில் கையை வைத்துவிட்டு, "என்னய்யா இது, ஒட்டுது?" என்றாள். அப்புறம் எத்தனையோ வருஷம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டு ஆசை என்பது என்னைப் பொறுத்தவரை பேராசை இல்லை. காற்று வருகிற ஒரு அறை. அவ்வளவுதான் நான் கேட்டது.

டீ வேண்டாம், ஐயா. குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் கூப்பிட்டு நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை, நானாக வந்திருக்கிறேன். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். பெயர் தவசிமுத்து. தொழில் வெல்லம்.

காத்திவாக்கத்துக்கு வெளியே, கழிமுகத்தைப் பார்த்த மாதிரி ஒரு பாழடைந்த வீடு இருந்ததே, துரை காட்டேஜ் என்று சொல்வார்கள், அதைத்தான் வாங்கினேன். உப்பு இலாகாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரன் சனி ஞாயிறில் வந்து தங்கக் கட்டியது. நான் பார்த்தபோது முக்கால்வாசிக் கூரை இல்லை. சுவரில் அரசமரம் முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றது. வீடு பெரம்பூரில் இருந்த ஆலிஸ் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணிக்குச் சொந்தம். "அங்கே என்ன இருக்கு மேன், பாம்பு இருக்கு," என்றாள். "பாம்பையும் சேர்த்தே விலை சொல்லுங்கம்மா," என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

முதல் முறை உள்ளே போய் முன்னறையில் நின்றேன். கிழக்குப் பார்த்த ஜன்னல், கதவு இல்லாத ஜன்னல். வெளியே ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம். இரண்டு கட்டுமரம் உள்ளே வந்துகொண்டிருந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே போனது. என் முதுகு ஒட்டவில்லை, ஐயா. தலை கிறுகிறுத்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது மனுஷன், தொப்பை வேறு, அந்த அறையில் ஒரு சுற்று சுற்றினேன் என்றால் நம்புவீர்களா. இரண்டாவது சுற்று சுற்றும்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இன்னாத்துக்கு இந்த ஆட்டம்? சாராயமா?"

அதுதான் இருதயம்மாள். புயலில் குடிசை போனதிலிருந்து அந்த வீட்டின் சமையலறையில் குடியிருந்தாள். அந்த மூலையில் மட்டும்தான் கூரை மிச்சம். அறுபது வயதுக்கு மேல். உப்பங்கழியில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பாள். புருஷன் கடலோடு போனவன். சொந்தம் என்று சொல்ல ஒரு தங்கை பழவேற்காட்டில், தம்பி மகன் ஒருத்தன் கொருக்குப்பேட்டையில்.

வீடு என் பெயருக்கு வந்த அன்று காலையில் போய், மூட்டையைக் கட்டு என்று அவளிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அங்கிருந்து நேராக நகரமைப்பு ஆபீசுக்கு வரைபடத்தோடு போனேன்.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குச் சொல்லும் விலை ஒன்று, கொள்ளும் விலை ஒன்று. பத்துக்கு விற்க வேண்டியதைப் பதினைந்து என்போம். நீங்கள் ஏழு என்பீர்கள். இரண்டு பேரும் கொஞ்சம் கோபித்து, கொஞ்சம் சிரித்து, பத்துக்கு வந்து சேருவோம். இதில் பொய் ஒன்றும் கிடையாது, இது ஒரு மரியாதை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால்கூட எங்கள் வீட்டில் ஒரு டிகிரி கூட்டித்தான் சொல்வோம். அவர் குறைத்துக்கொள்வார் என்று நம்பிக்கை.

அந்தப் பழக்கத்தில் வரைபடத்தில் மாடி போட்டிருந்தேன். போர்ட்டிகோ போட்டிருந்தேன். இல்லாத காருக்கு ஷெட் போட்டிருந்தேன். ஆபீசர் சுப்புராயன் இதிலே பாதியை வெட்டுவார், மிச்சம் கிடைக்கும் என்பது கணக்கு. அவர் எதையும் வெட்டவில்லை. பெரிய வரைபடம் ஒன்றை விரித்து விரலை வைத்தார்.

"இது என்ன கலர்?"

"ஊதா."

"ஊதான்னா ஃபேக்டரி வர்ற இடம். அங்கே புது வீடு கிடையாது."

"புதுசு இல்லீங்களே. வெள்ளைக்காரன் கட்டினது."

"ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம். ஆனா அது வீடா இருக்கணும். ஆள் குடியிருக்கணும், அடுப்பு எரியணும், நடுவுல விட்டுப் போயிருக்கக் கூடாது. ஆள் இல்லேன்னா அது வீடு இல்ல, இடிபாடு. இடிபாட்டுக்கு நான் அனுமதி தர்றதில்ல."

மேஜைக்கு அடியில் ஏதாவது நகர்த்தலாமா என்று பார்த்தேன். அவர் காலை மடக்கிச் சம்மணம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அப்படிப்பட்ட மனுஷர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

வெளியே வந்தவன் ஓடினேன், ஐயா. எண்ணூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். காலையில் துரத்திய கிழவி போயிருந்தால் என் வீடு இடிபாடு. போகாமல் இருந்தால் அது வீடு. வழியெல்லாம் அவளுக்கு ஆயுசு வேண்டிக்கொண்டு போனேன். அவள் வாசலில் மூட்டையின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கையில் கொண்டுபோயிருந்த அச்சு வெல்லத்தை நீட்டினேன்.

"இன்னா அண்ணாச்சி, காலைல தொரத்துனே, சாயங்காலம் வெல்லம் எட்துகினு வர்றே. ராத்திரிக்கு இன்னா, தாலியா?"

"ஏ இருதயம்மா, நீ எங்கயும் போக வேண்டாம். இங்கனயே இரு."

"நான் இங்கதானே கீறேன். அத்த நீ இன்னா குடுக்கறது?" வெல்லத்தைக் கடித்துப் பார்த்தாள். "மண்ணு கீது இதுல."

விஷயம் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை நான் சொன்னேன். பொழுது இறங்குகிறவரை பேசினோம். பின்பக்கம் ஓர் அறை, ஒழுகாத கூரை, உயிர் இருக்கும்வரை அவளை யாரும் எழுப்பக் கூடாது. கையடித்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் பத்திரம் வரும் போகும், கையடித்துப் பேசினது போகாது. அப்பா காலத்திலிருந்து அதை ஒருத்தரும் மீறியதில்லை. நானும் மீறவில்லை என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி கழிந்து சுப்புராயன் நேரில் வந்தார். கரி பிடித்த சுவரைத் தடவிப் பார்த்தார். அடுப்புச் சாம்பலில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டார்.

"எவ்வளவு காலமா இருக்கீங்கம்மா?"

"புயலு அட்ச்சுதே, அப்பலேர்ந்து நைனா. இன்னா நின்னுகினே கீறே, ஒக்காரு. எறா துண்றியா? இப்பத்தான் எறக்குனேன்."

அவர் சட்டியைப் பார்த்தார். நெற்றியில் திருமண் போட்டவர். மூக்கைப் பிடிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அனுமதி உத்தரவு வந்தது. மாடி இல்லை, போர்ட்டிகோ இல்லை, ஷெட் இல்லை. "ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டைச் செப்பனிடுதல்." அந்த ஒரு வரியைப் படித்துக்கொண்டே மணலில் நடந்ததில் ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. திரும்பிப் போய் எடுக்கவில்லை. இன்னொன்றையும் கழற்றி வீசினேன்.

அந்த மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதம். கொத்தனார் தாவூதும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் வேலையை ஆரம்பித்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், மூன்றும் சேர்த்து அரைத்த பழைய காலத்துச் சாந்து. வெல்லம் என் மண்டியிலிருந்து, முதல் தரம். தினமும் மதியம் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். இருதயம்மாளும் இறால் பிடிக்கப் போவதை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சுவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அரசமரத்தை வேரோடு பிடுங்கிய அன்று அவள் கைதட்டினாள். நானும் தட்டினேன். தாவூது எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். முதலில் மாதா சொரூபம் வைக்கச் சுவரில் ஒரு மாடம். மெழுகுவர்த்தி வைக்கும் அளவுக்குச் சின்னது என்று ஆரம்பித்து, இடுப்பு உயரத்துக்கு முடித்தாள். அப்புறம் அவள் அறைக்கு இரண்டாவது ஜன்னல். நான் முடியாது என்பேன். "செர்தான், ஊதாக் கலரு ஆபீசர் கைல ஒரு வார்த்த சொல்லிகினு வந்துர்றேன்," என்று புடவையை உதறி எழுந்திருப்பாள். வாசல்வரைகூடப் போகமாட்டாள். போகமாட்டாள் என்று எனக்கும் தெரியும், தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான்தான் இறங்கி வருவேன். எங்கள் அப்பா இருந்திருந்தால் அவளை மண்டியில் கல்லாவில் உட்கார வைத்திருப்பார். அவ்வளவு சுத்தமான பேரம். தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகும்போதும் எனக்கு உற்சாகமாகத்தான் இருக்கும்.

பொங்கல் முடிந்ததும் ஒரு நாள் முன்னறையைக் கேட்டாள்.

"எனுக்கு ராத்திரில மூச்சு முட்டுது அண்ணாச்சி. பின்னாடி காத்து இல்ல. முன் ரூமு குட்த்துடு. நீயும் உன் சம்சாரமும் பின்னால இருந்துக்கோங்க. சின்ன வயசுக்காரங்க, உங்குளுக்கு இன்னாத்துக்குக் காத்து."

ஜன்னல் வழியாகக் கழிமுகத்தைப் பார்த்தேன். அன்றைக்கும் கட்டுமரம் வந்துகொண்டிருந்தது. எண்ணூர் மின்நிலையப் புகை மேற்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"சரி, எடுத்துக்கோ," என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னா, ஒரே வார்த்தைல செரின்னுட்டே. ஒடம்பு சொகமில்லியா?"

கெட்டிக்காரி, ஐயா. பேரம் பேசாமல் ஒருத்தன் ஒத்துக்கொண்டால் அவனுக்குக் கொடுக்கும் எண்ணம் இல்லை என்று அர்த்தம். நாலு பேரோடு பேரம் பேசியவர்களுக்கு அது உடனே தெரியும். அவளுக்கும் தெரிந்தது என்று அவள் முகத்தில் பார்த்தேன். ஆனால் கிழக்குக் காற்று அடித்தது. அது எப்படிப்பட்டவரையும் ஏமாற்றிவிடும். கொஞ்ச நேரத்தில் அவள் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கையால் அளக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கையடித்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மதியம் தாவூதும் ஆட்களும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். முன்னறையில் பழைய தரையை இடுப்பளவு தோண்டிப் போட்டிருந்தோம், ஆலிஸ் சொன்ன பாம்புப் பொந்துகளை மூட. மேலே பழைய தேக்கு உத்தரம் ஒரு முட்டுக்கட்டையில் நின்றது, அதற்கடியில் புதுச் சுவர் வரவேண்டும். இருதயம்மாள் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து, தன் அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி, இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தரை கெட்டிக்கிற திமிசுக் கட்டை சுவரோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்து முட்டுக்கட்டையின் அடியில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரே தட்டு போதுமானதாக இருந்தது.

உத்தரம் அவள் இடுப்பின் மேல் விழுந்தது. தலையில் விழுந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்கும். முட்டு தானாக நழுவியது என்றுதான் அவள் நினைத்தாள்.

"தூக்கு அண்ணாச்சி, தூக்கு," என்றாள்.

நான் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குரலை இறக்கிப் பேசினாள்.

"முன் ரூமு வோணாம். பின்னாலயே கீறேன்."

நான் எட்டிக் கடப்பாரையை எடுத்தேன்.

"ரெண்டாவது ஜன்னலும் வோணாம். மாடத்த அட்ச்சிடு. அண்ணாச்சி, நான் எறாக் கூடையோட பழவேற்காட்டுக்குப் போய்டறேன்."

அத்தனை நாளில் அவள் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் முடிந்த பேரத்தைப் பிறகு மாற்றுவது எங்கள் வழக்கம் இல்லை. "கையடிச்சுப் பேசினது பேசினதுதான் இருதயம்மா. இந்த ரூம் உனக்குத்தான்," என்றேன். கடப்பாரையால் உத்தரத்தை ஒரு பக்கமாகப் புரட்டினேன். தரை நிரப்பக் கொட்டிவைத்திருந்த மணலைத் தள்ளினேன். மணல் ஏறுகிறவரை அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். நல்ல பேச்சுக்காரி, ஐயா.

தாவூது திரும்பி வந்தபோது, உத்தரம் நழுவி மணலெல்லாம் பள்ளத்தில் சரிந்துவிட்டது, நல்லவேளை யாரும் இல்லை, கிழவி தங்கை வீட்டுக்குப் பழவேற்காடு போய்விட்டாள் என்றேன். "அல்லா காப்பாத்துனான் மொதலாளி," என்றார். திங்கட்கிழமை நாலு பெண்கள் வந்து பாட்டுப் பாடித் தரையைத் திமிசு போட்டார்கள். வெல்லத் தண்ணீர் ஊற்றி இழைத்த தளம். கண்ணாடி மாதிரி இருக்கும். மாதா மாடத்தை நான் அடைக்கவில்லை. சித்திரையில் பால் காய்ச்சினோம். இசக்கியம்மாள் முன்னறை ஜன்னலில் நின்று என் முதுகைத் தொட்டுப் பார்த்து, "ஒட்டலையே," என்று அழுதாள். ஆனந்தத்தில்தான். நானும் அழுதேன். இந்தக் கதையில் கண்ணீர் வந்தது அந்த ஒரு இடத்தில்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தப்பு நடந்தது அதற்கப்புறம். இருதயம்மாளின் தம்பி மகன் சவரிநாதன் வந்தான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் குமாஸ்தா. பனிக்காலம் முழுக்க ஆந்திராப் பக்கம் டியூட்டி போட்டிருந்தார்களாம், அத்தையைப் பார்க்க முடியவில்லையாம்.

"அத்தை எப்போ சார் போச்சு?"

பொங்கல் கழிந்து என்று சொல்லியிருக்கலாம். என் வாய் கேட்குமா? கொஞ்சம் முன்னே தள்ளிச் சொன்னால் நல்லது, அவன் "இல்ல சார், அப்பறம்கூடப் பாத்ததா சொன்னாங்களே" என்பான், நான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து பொங்கலில் நிற்கலாம் என்று தோன்றியது. "தீபாவளிக்கு முன்னாடியே போயிட்டாளேப்பா," என்றேன்.

அவன் பேரமே பேசவில்லை, ஐயா. "ஓ, தீபாவளிக்கு முன்னாடியா," என்றான். கூட்ஸ் யார்டில் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளும் பழக்கம். எழுபது வேகன் என்றால் எழுபது வேகன். ராயபுரத்தில் சொல்லும் விலையை அப்படியே வாங்கிக்கொண்டு போன மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். பழவேற்காட்டுக்குப் போய் விசாரித்தான், அங்கே இல்லை. உங்களிடம் மனு கொடுத்தான். நீங்கள் வயசான பொம்பளை எங்காவது போயிருக்கும் என்று விட்டுவிட்டீர்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே மனுவை அவன் நகரமைப்பு ஆபீசுக்கும் கொடுத்துவிட்டான். தீபாவளிக்கு முன்பே என் அத்தை போய்விட்டாள் என்று வீட்டுக்காரரே சொல்கிறார், அப்படியானால் தீபாவளிக்குப் பின் உங்கள் ஆபீசரிடம் காட்டியது யாரை என்று கேட்டிருந்தான்.

போன வாரம் சுப்புராயன் வந்தார். முன்னறையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தத் தரையின் மேல் நின்றுகொண்டே பேசினார்.

"யாரோ ஒரு கிழவியைக் காட்டி என்னை ஏமாத்திட்டீரே. காலி வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அவளேதான் சார். தாவூதைக் கேளுங்க."

"உம்ம கூலி வாங்கறவர் சாட்சி எனக்குச் செல்லாது. அந்தம்மா நேர்ல வரணும். இல்லேன்னா எங்க இருக்காங்கன்னு நீர் காட்டணும். ரெண்டும் இல்லேன்னா அனுமதி ரத்து. வீட்டை இடிச்சுத் தரைமட்டம் பண்ணிட்டுத்தான் நான் ரிடையர் ஆவேன்."

நேர்மையான மனுஷர், செய்வார். அவர் போனதும் அந்த ஜன்னலில் நின்று யோசித்தேன். எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை, அதில் யோசிக்க என்ன இருக்கிறது. அந்தச் சுவர், அந்தத் தளம், அந்தக் காற்று. வீடு முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டியது, ஐயா. அதில் ஒரு பொய் கிடையாது. அவள் அங்கே குடியிருந்தாள். தீபாவளிக்கும் இருந்தாள், கிறிஸ்துமஸுக்கும் இருந்தாள், பொங்கலுக்கும் இருந்தாள். அதை நிரூபிக்க என்னைத் தவிர யாரும் இல்லை.

ஆகவே இதில் ஒரு நகல் சுப்புராயனுக்குப் போகட்டும். முன்னறையில், ஜன்னலுக்கு நேரே, இரண்டடி தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். தளத்தைப் பக்குவமாகப் பெயர்க்கச் சொல்லுங்கள், திருப்பிப் போடும்போது சிமெண்ட் வேண்டாம், கிளிஞ்சல் சுண்ணாம்புதான். வெல்லம் நான் தம்பியிடம் சொல்லி அனுப்பிவைக்கிறேன். நான் தவசிமுத்து, என் கையால் அவளைக் கொன்றேன், அவள் கேட்ட அறையில் புதைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை மட்டும் இடிக்க விடாதீர்கள். இடித்துவிட்டால் பாவம், இந்த வயதில் அவள் எங்கே போவாள்?